மனதை அடக்கிய அன்று தேயிலை கருகியது

தன்னைத் திருத்திக்கொள்ளத் தொடங்கியவனைப் போல ஆபத்தான பிராணி உலகத்தில் கிடையாது. திருடனாவது வந்த வேலை முடிந்ததும் போய்விடுவான். இவன் போகமாட்டான், பக்கத்தில் உட்கார்ந்து உங்களையும் திருத்துவான். இதை நான் யாரிடமும் கேட்டுச் சொல்லவில்லை. வாலிபத்தில் சில மாதங்கள் நானே அந்தப் பிராணியாக நடமாடியிருக்கிறேன்.

அப்போது மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், ஸ்டோரில் உதவி டீமேக்கராக இருந்தேன். (ஸ்டோர் என்றதும் மளிகைக்கடை என்று நினைத்துவிடாதீர்கள். தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். அங்கே கொழுந்தைத் தூளாக்கும் வேலைக்குப் பொறுப்பானவர் டீமேக்கர்.) பதுளைக்கு ரயில் வராத காலம். எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டுவண்டியில் குலுங்கிக் குலுங்கிப் பதுளைக் கடைத்தெருவைப் பார்த்துவிட்டு வருவதுதான் எங்களுக்கு உலகப் பிரயாணம்.

அப்படிப் போன ஒரு நாள், ஜவுளிக்கடை மாடியொன்றில் ஒரு பிரசங்கம் கேட்டேன். கடலுக்கு அக்கரையிலிருந்து வந்தவர், கறுப்புக் கோட்டுக்காரர். மனதை ஒரே இடத்தில் நிறுத்தப் பழகியவனுக்கு எட்டாத பதவியே இல்லை என்று மேசையைக் குத்திச் சொன்னார். மூக்கு நுனியைப் பார்த்தபடி அசையாமல் உட்கார வேண்டுமாம். ஆசைகள் வாசனையாக வரும், சத்தமாக வரும், பெண் குரலாகவும் வரும்; எதற்கும் மசியக்கூடாதாம். (கீழே வடை சுடும் வாசனை எழுந்ததும் அவர் பேச்சை அவசரமாக முடித்துக்கொண்டதை நான் கவனித்திருக்க வேண்டும். கவனத்தைப் பற்றிய பேச்சில் அல்லவா மூழ்கியிருந்தேன்!)

மறுநாளே என் முன்னேற்றம் ஆரம்பமாகிவிட்டது. விடியுமுன் எழுந்தேன். மடுல்சீமைக் குளிரில் மலையிலிருந்து கொட்டும் பீலித் தண்ணீரில் குளித்தேன். சீனியை விட்டேன், வெற்றிலையை விட்டேன், வீண்பேச்சை விட்டேன். உபதேசம் வீண்பேச்சில் சேராது என்பதால் அதை மட்டும் இரட்டிப்பாக்கினேன்.

என் உபதேசத்துக்கு முதல் பலி, ஸ்டோரில் தூள் சலிக்கும் பெண்கள். ஒரு நாள் அவர்கள் நடுவே நின்றுகொண்டு, அதிகாலையில் எழுவதும், பச்சைத் தண்ணீரும், நாக்கைக் கட்டுவதும் மனிதனை எங்கே கொண்டுபோய் வைக்கும் என்று விளக்கினேன். காளியம்மா என்பவள் சல்லடையை நிறுத்திவிட்டு ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்.

“ஏங்கய்யா, நாங்க தப்புச் சத்தத்துக்கு இருட்டோட எந்திரிச்சு, பச்சத் தண்ணியில மூஞ்சியக் கழுவிட்டு, சீனி இல்லாத சாயத்தண்ணியக் குடிச்சிட்டுத்தான் பெரட்டுக்கு ஓடுறோம். எங்க ஆத்தா காலத்துலேருந்து இதத்தாங்க செய்யுறோம். எங்களுக்கு எப்பங்கய்யா பதவி வரும்?”

(தப்பு என்பது விடியுமுன் தொழிலாளிகளை எழுப்ப அடிக்கும் பறை. பெரட்டு என்பது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம். பிந்திப் போனால் அன்றைய வேலை இல்லை.)

நான் அசரவில்லை. “நீங்க பயந்துக்கிட்டுச் செய்யுறீங்க. நான் விரும்பிச் செய்யுறேன். அதுதான் வித்தியாசம்” என்றேன்.

“அது என்னமோ நெசந்தாங்க” என்றாள் அவள். சலிப்பறையே சிரித்தது. என் கருத்து அவர்கள் மனதில் இறங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

பெரிய டீமேக்கருக்குப் பல்வலி கண்டது அந்த வாரத்தில்தான். கன்னம் பலாக்கொட்டையை அடக்கியது மாதிரி வீங்கி, பதுளை ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டவர், ஸ்டோரை முதல்முறையாக என் பொறுப்பில் விட்டார். மறுநாள் கொழும்பிலிருந்து ஒரு பெரிய துரை எங்கள் தேயிலையைச் சுவைத்துப் பார்க்க வரப்போகிறார். தோட்டத்துத் துரை என்னைக் கூப்பிட்டு, “நீ நல்லா செய்யுறது, கீழ் டிவிஷன் புது ஸ்டோர் உனக்கு குடுக்கறது” என்று அவருடைய தமிழில் வாக்களித்தார். மூக்கு நுனி பலன் கொடுக்கத் தொடங்கிவிட்டதே!

அன்று வந்த கொழுந்தும் பொன்னான கொழுந்து. வாட்டி, உருட்டி, பதம் பார்த்து, உலர்த்தும் இயந்திரத்தில் ஏற்றியாகிவிட்டது. இனி உள்ள வேலை மிகச் சாதாரணம். கீழே அடுப்பில் முத்தன் விறகு போடுவான். மேலே நான் சூட்டைப் பார்த்துக்கொண்டு, வேளை வந்ததும் கைப்பிடியை இழுத்துத் தட்டுத் தட்டாகத் தேயிலையை இறக்க வேண்டும். அவ்வளவுதான். ஒரு கையும் ஒரு கண்ணும் உள்ள எவனும் செய்வான்.

ஆனால் எனக்கு மனது படபடவென்று இருந்தது. இவ்வளவு பெரிய பொறுப்பைக் கலங்கிய மனதோடு செய்யலாமா? கொஞ்ச நேரம் மனதை நிறுத்திவிட்டுத் தொடங்குவோம் என்று முடிவு செய்தேன்.

“முத்தா, நான் சொல்ற வரைக்கும் நெருப்பு அணையக்கூடாது. கூரையே விழுந்தாலும் என்னைக் கூப்பிடாதே. ஒருத்தரையும் கிட்ட விடாதே. தெரிஞ்சுதா?”

“ஆமாங்கய்யா” என்றான் முத்தன்.

சாக்கு ஒன்றை விரித்து, இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அதுவரை பல வாரமாக முயன்றும் என் மனம் ஒரு கணம்கூட நின்றதில்லை. மூக்கைப் பார்த்தால் கருவாட்டுக் குழம்பு தெரியும். அன்று என்ன புண்ணியமோ, அடங்கிவிட்டது! எண்ணங்கள் ஒவ்வொன்றாக எழுந்து போய்விட்டன. நான் மட்டும் மிச்சம்.

பிறகு ஒரு வாசனை வந்தது. கருகிய வாசனை. ‘இதோ, வாசனையாக வருகிறது’ என்று கண்டுகொண்டேன். அசையவில்லை. வாசனை பலமாயிற்று. என் வைராக்கியமும் பலமாயிற்று. அடுத்து “ஐயா! ஐயா!” என்று பெண் குரல்கள். ஆகா, பிரசங்கியார் சொன்ன வரிசை தப்பவில்லையே என்று மெய்மறந்தேன். பிறகு முகத்தில் அனல் அடித்தது. இது அவர் சொல்லாத சோதனை. நான் அவரையும் தாண்டி மேலே போய்விட்டேன் போலிருக்கிறது என்று எனக்குள் ஒரு பெருமிதம்.

அந்தப் பெருமிதத்தின் உச்சியில் ஒரு வாளித் தண்ணீர் என் தலையில் விழுந்தது.

கண்ணைத் திறந்தேன். காலி வாளியோடு காளியம்மா. அவளுக்குப் பின்னால் புகை. புகைக்குள் சலிப்பறைப் பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள். கீழே முத்தன், வியர்வை சொட்டச் சொட்ட, இன்னமும் விறகு திணித்துக்கொண்டிருக்கிறான். நான் இன்னும் ‘போதும்’ என்று சொல்லவில்லையே!

“நிறுத்துடா!” என்று அலறினேன்.

“செரிங்கய்யா” என்றான் அவன், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல்.

தட்டுகளை இழுத்துப் பார்த்தால், தேயிலை இருந்த இடத்தில் அடுப்புக்கரி. அதற்குள் துரையும் வந்துவிட்டார். பங்களா வரைக்கும் வாசனை போயிருக்கிறது. கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி என்னைச் சுற்றி ஒரு தடவை நடந்தார்.

“என்ன மேன் இது? நீ தூங்குறது?”

“இல்லீங்க தொரை. மனச ஒரே எடத்துல நிறுத்திக்கிட்டு இருந்தேன்.”

துரை காளியம்மாவைப் பார்த்தார். “இந்த ஆள் என்ன சொல்லுறது?”

“அவருக்குக் கொஞ்ச நாளாவே இப்படித்தாங்க தொரை” என்றாள் காளியம்மா, நிஜமான இரக்கத்தோடு.

துரையின் வைத்திய சாஸ்திரத்தில் நோய் எதுவானாலும் மருந்து ஒன்றுதான். இரண்டு ஆட்களோடு என்னைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே மருந்து கொடுப்பவர் ஒன்றும் கேட்காமல் ஒரு கோப்பை விளக்கெண்ணெயை வாயில் ஊற்றிவிட்டார். அன்று பொழுது சாயும்வரை என் மனம் வேறு எங்குமே அலையவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

கொழும்புத் துரை சுவைக்க வேண்டிய தேயிலையே கரியாகிவிட்டதால், புது ஸ்டோர் வேறொருவருக்குப் போயிற்று. என்னைக் கொழுந்து நிறுக்கும் தராசுக்கு இறக்கினார்கள். பல் பிடுங்கிக்கொண்டு திரும்பி வந்த பெரிய டீமேக்கர் சிரிக்கக்கூட முடியாமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். பலன் அனுபவித்தவர்கள் லயத்துச் சனங்கள்தான், அதாவது வரிசை வீடுகளில் குடியிருந்த தொழிலாளிகள்தான். தோட்டத்தில் எதையும் வீணாக்கும் வழக்கம் இல்லை. துரைக்கு ஆகாத தேயிலை தொழிலாளிக்கு ஆகும் என்பது அங்கே எழுதாத சட்டம். கருகியதையெல்லாம் இடித்துச் சலித்து, வீட்டுக்கு வீடு பங்குபோட்டுக் கொடுத்துவிட்டார்கள். அந்த மழைக்காலம் முழுக்க தோட்டமே என் மனோபலத்தைத்தான் காய்ச்சிக் குடித்தது. அதற்குச் ‘சாமித்தூள்’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள். லயத்துப் பக்கம் நான் போனால் குழந்தைகள் மூக்கு நுனியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

இந்த லட்சணத்தில் எனக்குப் பெண் பார்க்க ஹாலிஎலவிலிருந்து என் மாமா வந்தார். கீழ் டிவிஷன் கங்காணியின் மகள் பார்வதி. பலகாரம் வந்தது, பின்னாலேயே அவள் தேநீர்த் தட்டோடு வந்தாள். கோப்பை கிட்டே வருமுன்னே வாசனை வந்துவிட்டது. அந்த வீட்டிலும் வேறு தூள் ஏது?

மாமா ஒரு வாய் உறிஞ்சினார். வெற்றிலை துப்புகிறவரைப் போல வாசலுக்குப் போனவர் திரும்பவே இல்லை. கங்காணி கூரையைப் பார்த்தார். நான் என்ன செய்ய முடியும்? நான் செய்த தேயிலை. முகத்தில் ஒரு கோடுகூட அசையாமல் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன்.

“இன்னும் கொஞ்சம் ஊத்தவாங்க?” என்று கேட்டாள் பார்வதி, தலை நிமிராமல்.

“ஊத்துங்க” என்றேன்.

அந்தக் கதையைப் பார்வதி இன்றைக்கும் வருகிற மருமக்களுக்கெல்லாம் சோறு பரிமாறும்போதே சொல்லுவாள். “பெரிய கிளாக்கர் மகனுக்குக்கூட என்னைக் கேட்டு வந்தாங்க. நான்தான் வேணாம்னுட்டேன். இந்த மனுசன் ரெண்டு கோப்பையையும் மூஞ்சி கோணாமக் குடிச்சாரு பாரு, அப்பவே முடிவு பண்ணிட்டேன், என் சமையலுக்கு ஏத்த ஆளு இவருதான்னு.”

மருமக்கள் சிரிப்பார்கள். பிறகு முதல் கவளத்தை வாயில் வைப்பார்கள். சிரிப்பு அந்த இடத்தில் நின்றுவிடும். நான் மட்டும் மறுசோறு கேட்பேன்.