பன்னிரண்டு காகிதப் பறவைகள்

நாட்டின் முன்னேற்றம் அணைக்கட்டுகளில் இல்லை. ஃபேனில் தொங்கும் காகிதப் பறவைகளில் இருக்கிறது. இந்த மாபெரும் உண்மையைத் திருவண்ணாமலையில் கண்டறிந்த பெருமை தலைமை எழுத்தர் சக்கரபாணியையே சேரும். கண்டறிந்த ஆண்டு 1983. துணை நின்றது, அவர் மனைவி தங்கம்மாள் இரவல் வாங்கி வந்த வாரப் பத்திரிகை. 'சின்னச் சின்ன அலங்காரங்களே இல்லத்தின் உயிர்' என்று அதில் போட்டிருந்தது.

மகள் உண்ணாமலையைப் பெண் பார்க்கக் கீழ்பென்னாத்தூரிலிருந்து வருவதாகக் கடிதம் வந்ததும் சமையலறையில் அவசரக் கூட்டம் கூடியது. ஹாலில் கூடினால் ஹால் அழுக்காகிவிடும். தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறின. வாசலுக்குப் பாசிமணித் திரை. நாற்காலிகளுக்கு அன்னம் தைத்த உறை. ரேடியோவுக்குப் பூப்போட்ட முக்காடு. ஃபேனின் மூன்று இறக்கைகளிலும் தலா நான்கு காகிதப் பறவைகள்.

பெண் பார்க்கும் நாளன்று காலை, உண்ணாமலை 'இதர விஷயம்' ஒன்றை எழுப்பினாள்.

"அப்பா, ஸ்கூல் வேலைக்கு ஆர்டர் வந்திருக்குல்ல? இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள கீழ்பென்னாத்தூர் போயி சேரணும். மூணு மணி பஸ்ஸை வுட்டா வேற ஆளைப் போட்டுடுவாங்க. வர்றவங்ககிட்ட நான் வேலைக்குப் போவேன்னு சொல்லிடுங்க."

"சொல்றேம்மா. அந்த எட்டாவது பறவை கொஞ்சம் கோணலா இல்ல?"

இரண்டு மணிக்கு மாப்பிள்ளை வேடியப்பனும் பெற்றோரும் வந்தார்கள். பாசிமணித் திரை வேடியப்பனின் கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவன் வாசலிலேயே நின்றான். அவனுடைய அப்பா அருணகிரி உட்கார்ந்தார்.

"சாயாதீங்க. அன்னத்தோட கழுத்து மடங்கிடும்," என்றாள் தங்கம்மாள்.

அருணகிரி விறைப்பாக நிமிர்ந்தார். "ஃபேனையாவது போடுங்க சார். வெயில் ஜாஸ்தி."

"ஃபேன் போடறதுக்கு இல்லீங்க," என்றார் சக்கரபாணி கனிவாக. "பார்க்கறதுக்கு."

மாப்பிள்ளையின் அம்மா திரௌபதி பூரித்துப் போனாள். "எங்க வூட்லயும் அப்படித்தாங்க. கட்டில்ல வெல்வெட் விரிச்சு அஞ்சு வருஷம் ஆவுது. இன்னிவரைக்கும் ஒருத்தரும் படுத்ததில்ல!"

இரண்டு நாகரிகங்கள் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டன.

உண்ணாமலை காபி கொண்டுவந்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள், மணி இரண்டரை. அப்பாவைப் பார்த்தாள். சக்கரபாணி தொண்டையைச் செருமினார்.

"பொண்ணுக்கு ஸ்கூல்ல வேலை கிடைச்சிருக்குதுங்க. உங்க ஊர்லயேதான்."

"வேலைக்குப் போயிட்டா இதுங்களுக்கெல்லாம் யாருங்க தூசி தட்டறது?" என்றாள் திரௌபதி, மேலே பார்த்து.

சக்கரபாணியும் மேலே பார்த்தார். பன்னிரண்டு பறவைகளும் அவரையே நம்பித் தொங்கிக்கொண்டிருந்தன.

"நியாயம்தாங்க. வேலை வேணாம்னு எழுதிப் போட்டுடச் சொல்றேன்."

உண்ணாமலை தட்டைக் கீழே வைத்தாள். "வேர்க்குதுப்பா," என்றாள். ஃபேனை முழு வேகத்தில் போட்டாள்.

பறவைகள் விடுதலை அடைந்தன. ஒன்று அருணகிரியின் காபியில் இறங்கியது. இன்னொன்று திரௌபதியின் கொண்டையில் குடியேறியது. "ஐயையோ, நிறுத்துங்க!" என்று தங்கம்மாள் அலறி ஓடி ஸ்விட்சை அணைத்தாள். உடனே 'மீட்புப் பணி' தொடங்கியது. பெரியவர்கள் நால்வரும் மண்டியிட்டார்கள். சக்கரபாணி எண்ணினார்.

"பதினொண்ணு! ஒண்ணு கம்மி!"

ஹால் கதிகலங்கியது. நாற்காலிகள் கவிழ்ந்தன. ரேடியோவின் முக்காடு விலக்கப்பட்டது. அருணகிரியின் சட்டைப்பை, அவரது அனுமதியுடன், சோதனைக்கு உள்ளானது. நடுவில் எப்போதோ பாசிமணிகள் கலகலத்தன. மேசைக்கு அடியில் இருந்த சக்கரபாணி, காற்று என்று நினைத்துக்கொண்டார்.

கடைசியில் பன்னிரண்டாவது பறவை ஒரு நாற்காலி உறைக்குள்ளிருந்து உயிரோடு மீட்கப்பட்டது. சக்கரபாணி வியர்வை வழிய எழுந்து நின்று அறிவித்தார்:

"எல்லாம் சரியா இருக்குது! வீட்ல ஒரு குறையும் இல்ல!"

வேடியப்பன் வாசலிலேயே நின்றிருந்தான். யாரோ அவனுடைய கையைத் திரையிலிருந்து விடுவித்திருந்தார்கள்.

"பறவை ஒண்ணு கம்மின்னு ஒரே நிமிஷத்துல கண்டுபிடிச்சிட்டீங்க, மாமா," என்றான். "பொண்ணு கெளம்பிப் போயி முக்கா மணி நேரம் ஆவுது."