சூளையோரம் காய்ந்த கிதார்

ரசிகன் எட்ட இருக்கிற வரைக்கும்தான் கலைஞனுக்கு நிம்மதி. கிட்டே போனால் என்ன ஆகும் என்பதற்கு விருத்தாசலத்தில் ஒரு சாட்சி உண்டு. நான்தான்.

மாணிக்கம் சார் சேத்தியாத்தோப்புக்காரர். கரண்ட் எதுவும் கேட்காத பழைய மரக் கிதாரில் நடவுப் பாட்டும் தெம்மாங்கும் வாசிப்பார். அவர் எங்கே வாசித்தாலும் பீங்கான் பட்டறையில் வேலை பார்த்த நாங்கள் நாலு பேரும் முன்வரிசையில் இருப்போம். (தாளம் தெரியாது. தலையாட்டத் தெரியும்.) அவருக்கு எழுபது வயதானபோது மண்டபம் பிடித்து விழா எடுத்தோம்.

அன்றைக்கென்று பார்த்து நல்ல மழை. சார் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததில் துணிப்பையோடு கிதாரும் நனைந்துவிட்டது.

"லேசா ஈரந்தான் தம்பி. துணியால தொடச்சா போதும்" என்றார்.

துடைத்திருக்கலாம். ஆனால் நான் பத்து வருஷமாகப் பச்சைக் களிமண் பொம்மைகளைக் காயவைத்தவன். ஈரம் என்றாலே எனக்குச் சூளைதான் ஞாபகம் வரும். "நீங்க சாப்புடுங்க சார், நான் பாத்துக்கிறேன்" என்று பட்டறைக்குக் கொண்டுபோய், சூளையோரப் பலகையில் பொம்மைகளுக்கு நடுவே கிதாரைப் படுக்கவைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

அரை மணி நேரத்தில் பொம்மைகள் அருமையாகக் காய்ந்திருந்தன. கிதாரில் பசை இளகி, கம்பிகளைத் தாங்கும் கட்டை பிய்த்துக்கொண்டு தொங்கியது.

பையில் போட்டு எடுத்து வந்தபோது மண்டபம் நிறைந்திருந்தது. எங்கள் நாலு பேரில் ஒருவனான செல்வம் பையைத் திறந்து பார்த்துவிட்டு, "அடப்பாவி, இதையும் சுட்டுட்டியாடா" என்றான். சார் கிதாரை வாங்கி மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். முப்பது வருஷமாக அவர் தோளில் கிடந்த கிதார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

"எம்மா நேரம் வச்ச?"

"அரை மணிதான் சார்."

"பரவால்ல. இன்னும் கொஞ்சம் வச்சிருந்தா ஜாடியாவே ஆயிருக்கும்."

அந்தக் கிதாரோடேயே மேடையேறினார். மரத்தில் விரலால் தட்டிக்கொண்டு பாடினார். கிதார் மட்டும் தனியாக வாசிக்கும் இடம் வந்ததும் நிறுத்திவிட்டார். செல்வம்தான் வாயாலேயே ஆரம்பித்தான்: "டிங்கு டிக்கு டிங்கு..." நாங்கள் மூன்று பேரும் சேர்ந்தோம். பிறகு மண்டபமே சேர்ந்துகொண்டது. அவர் விரல் எப்போதும் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. அங்கே நாங்களும் ஒன்றுபோல வழுக்கினோம்.

சார் தட்டுவதை விட்டுவிட்டுச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் தப்பு பண்ற எடத்தக்கூடவா மனப்பாடம் பண்ணி வச்சிருக்கீங்க?" என்றார்.

கிதாரைப் பாண்டிச்சேரியில் கொடுத்து ஒட்டவைத்தோம். அதிலிருந்து மழை பெய்தால் அவரிடமிருந்து போன் வந்துவிடும். "தம்பி, மழ பேயுது. கிதாரு நனையல. நீ வர வேணாம்." என் வீட்டில் குடை நனைந்தால்கூட, "அப்பா கண்ணுல படாம வைங்க" என்று பிள்ளைகளிடம் சொல்வாள் மனைவி.

இந்த ஐப்பசியில் மூன்று நாள் மழை கொட்டியும் போன் வரவில்லை. பயந்துபோய் நானே கூப்பிட்டேன். வெகுநேரம் அடித்த பிறகு எடுத்தார்.

"நல்லா இருக்கீங்களா சார்? நேர்ல வந்து பாக்கட்டுமா?"

"வா தம்பி, வா. கிதார பீரோவுல வச்சுப் பூட்டிட்டுத்தான் போனையே எடுத்தேன்."