ஒற்றைப்படைச் சனிக்கிழமைகள்

"ஐஞ்சு பேர்," என்று எண்ணி முடித்தார் தலைவர் சண்முகலிங்கம். "ஒற்றை. நல்லது, துவங்குவம்."

நல்லது என்று சொல்ல அவருக்கு என்ன. அகஸ்ரின் காலில் துடுப்புச் செருப்பை மாட்டியபடி கரையைப் பார்த்தார். இரண்டு மடக்குக் கதிரைகள். ஒன்றில் ஜெனாட் இருந்தார். மற்றதில் ஒட்சிசன் பெட்டி இருந்தது.

அந்தப் பெட்டியின் இடம்தான் அகஸ்ரினின் ஆசை.

கிழக்கு ரொறன்ரோ நீர்மூழ்குவோர் மற்றும் வாவிப் பாதுகாப்புச் சங்கத்தில் மொத்தம் ஐந்து பேர். ஐவரும் நிர்வாகிகள். சண்முகலிங்கம் தலைவர். அகஸ்ரின் செயலாளர். ஜெனாட் பாதுகாப்பு அலுவலர். உபகரணங்களுக்கு றொய்சன் பொறுப்பு. மட்டிக் கணக்கெடுப்புக்கு ஸ்டெபனி பொறுப்பு. வெறும் அங்கத்தவர் என்று ஒருவரும் இல்லை. சனிக்கிழமை காலைகளில் ஸ்காபரோவின் மண்மலையடியில் இறங்கி, எங்கிருந்தோ கப்பலில் ஒட்டி வந்து வாவியின் அடியை மூடிவிட்ட மட்டிகளை எண்ணுவார்கள். அறுந்த தூண்டில் நூல்களைப் பொறுக்குவார்கள். சம்பளம் இல்லை. நன்றி சொல்ல ஆளும் இல்லை. மட்டிகள் குறைந்ததாகவும் தெரியவில்லை.

சங்கத்தில் சட்டம் இரண்டே. தண்ணீருக்குள் எவரும் தனியாக இறங்கக் கூடாது, ஜோடியாகத்தான். ஒட்சிசன் கொடுக்கப் படித்தவர் ஒருவராவது கரையில் இருக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் அகஸ்ரினிடமும் ஜெனாட்டிடமும் மட்டும் இருந்தது. ஆட்கள் ஒற்றைப்படையாக வந்தால் இருவரில் ஒருவர் கரையில், மற்றவர் தண்ணீரில். கிழமைக்குக் கிழமை முறை மாறும். இரட்டைப்படையாக வந்தால் அந்த மற்றவருக்கு ஜோடி கிடையாது. அப்போது இருவருக்கும் கரை.

அப்படி ஒரு இரட்டைப்படை ஜூன் மாதத்தில் ஒருமுறை வந்தது. ஸ்டெபனியின் மகளுக்குக் காய்ச்சல். நாற்பது நிமிடம் அகஸ்ரினும் ஜெனாட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். அகஸ்ரின் ஏழு வாக்கியம் பேசினார். அதில் ஐந்து காற்றைப் பற்றியது. ஏதோ ஒன்றுக்கு ஜெனாட் சிரித்தார். எதற்கு என்று அகஸ்ரின் இன்றும் யோசிப்பதுண்டு.

கோப்பி குடிக்கக் கூப்பிடலாமே என்று கேட்பீர்கள். அகஸ்ரினுக்கு ஐம்பத்தெட்டு வயது. மனைவி இறந்து ஒன்பது வருடம். ஜெனாட்டின் கணவர் அதற்கும் முன்பே போய்விட்டார். இருவரும் ஒரே மாதா கோயிலில் பூசை காண்பவர்கள். இவர்கள் ஒரு மேசையில் கோப்பி குடித்தால், கோப்பி ஆறுமுன் செய்தி ஊருக்கு, மன்னார் வரைக்கும், போய்விடும். கரை அப்படியல்ல. அது கடமை. கையில் கடிகாரம், பக்கத்தில் ஒட்சிசன். ஒருவரும் ஒன்றும் சொல்ல முடியாது.

செப்டெம்பர் பிறந்துவிட்டது. இந்தச் சனிக்கிழமை போனால் இன்னும் மூன்று. பிறகு சங்கம் வசந்தம் வரை உறங்கும். ஒக்டோபர் முதலாம் திகதி ஜெனாட் கல்கரிக்குப் போகிறார். மகள் வீட்டுக்கு, ஒரேயடியாக.

அகஸ்ரினுக்குச் சொல்ல ஒரு சொல் இருந்தது. 'போகாதேங்கோ.' சொல்வதற்கு ஒரு வினாடி போதும். துணிவதற்கு முப்பத்தொன்பது நிமிடமும் ஐம்பத்தொன்பது வினாடியும் வேண்டும்.

புதன்கிழமை, பஸ் திருத்தும் கராஜில், கூட வேலை செய்யும் இராஜரட்ணத்தைப் பிடித்தார்.

"உமக்கு நீந்தத் தெரியும்தானே?"

"கியூபாவுக்குப் போன இடத்தில டைவிங் சேர்ட்டிபிகேற்றே எடுத்தனான். ஏன் அண்ணை?"

"சனிக்கிழமை வாரும். ஸ்காபரோவுக்கு."

"நான் இருக்கிறது ரெக்ஸ்டேல். நீங்கள் சொல்லுற இடம் உலகத்தின்ர மற்றப் பக்கம்."

"காலைச் சாப்பாடு என்ர."

"என்ன சாப்பாடு?"

"பாணும் சம்பலும்."

"எத்தினை மணிக்கு?"

சனிக்கிழமை இராஜரட்ணம் வந்தார். அகஸ்ரின் மனதுக்குள் எண்ணினார். ஆறு. இரட்டை. ஒட்சிசன் பெட்டியைக் கதிரையிலிருந்து தூக்கி மணலில் வைத்தார்.

அப்போது வாகனத் தரிப்பிடத்திலிருந்து ஒரு பெண்மணி நடந்து வந்தார். அறுபது வயதிருக்கும். கறுத்த றப்பர் உடுப்பு, நெற்றியில் சந்தனம்.

"நான் கமலாம்பிகை. மில்லிக்கன் பக்கம் இருக்கிறனான். மகனோட மாலைதீவு போகேக்க உந்தச் சுழியோடுறது பழகினனான். சேர்ந்துகொள்ளலாமோ?"

சண்முகலிங்கம் கைகளை விரித்தார். "லைப்ரரியில ஒட்டின நோட்டீஸைப் பாத்தனீங்களோ?"

"ஓம், ஓம்," என்றார் கமலாம்பிகை, வாவியைப் பார்த்தபடி.

"பாத்தீரே அகஸ்ரின்! ஆறு வருசத்துக்குப் பிறகு வேலை செய்யுது!"

ஏழு. அகஸ்ரின் பெட்டியைத் திரும்பவும் கதிரையில் வைத்தார்.

ஜெனாட் இராஜரட்ணத்தைப் பார்த்தார். பிறகு அகஸ்ரினைப் பார்த்தார்.

"இவரை ஆரைக் கேட்டுக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?"

"சங்கம் வளரட்டும் எண்டு..."

"இவ்வளவு காலமும் வளராத சங்கம் இண்டைக்குத்தான் வளர வேணுமோ?"

அன்று தண்ணீர் முறை ஜெனாட்டுக்கு. முகக்கண்ணாடியை இழுத்து மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். நாற்பது நிமிடம் அகஸ்ரின் பெட்டியோடு இருந்தார். பெட்டியிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அதனிடம்கூடக் குரல் சரியாக எழும்பவில்லை.

கூட்டிப் பார்த்தது சரிவரவில்லை. கழித்துப் பார்ப்பது என்று முடிவெடுத்தார். றொய்சனுக்குப் பேஸ்போல் என்றால் உயிர். அடுத்த சனிக்கிழமை ஆட்டத்துக்கு ஒரு நல்ல இருக்கை வாங்கிக் கொடுத்தார்.

"அண்ணை! எனக்கோ? நீங்கள் போகேல்லையோ?"

"எனக்குச் சனிக்கிழமை வேலை."

"என்ன வேலை? தண்ணிக்குள்ள மட்டி எண்ணுறதுதானே."

"அதுதான்."

மூன்றாம் சனிக்கிழமை. றொய்சன் இல்லை. ஆறு பேர் வர வேண்டும். ஐந்து பேர் நின்றார்கள். சண்முகலிங்கத்தின் போன் அடித்தது. ஸ்டெபனி.

"சொறி அங்கிள். எனக்கு ஸ்பாவுக்கு ஒரு கிஃப்ற் கார்ட் கிடைச்சிருக்கு. இண்டைக்கு மட்டும்தான் வலிட். நான் இப்ப சேற்றுக்குள்ள படுத்திருக்கிறன்."

"அதுக்கு ஏன் பிள்ளை காசு? இஞ்சையும் சேறுதானே," என்றார் சண்முகலிங்கம்.

ஜெனாட்டுக்குச் சிரிப்பு வரவில்லை. "றொய்சன் எங்க?"

"போல் கேம் பாக்கப் போட்டான்."

"ரிக்கெற் ஆர் குடுத்தது?"

அகஸ்ரின் துடுப்புச் செருப்பின் வாரை இறுக்கினார். அது ஏற்கனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

"நீங்களோ?"

"சும்மா கிடைச்சது..."

ஜெனாட் தன் கதிரையைப் படாரென்று விரித்தார். அந்தச் சத்தத்துக்கு இரண்டு வாத்துகள் எழும்பிப் பறந்தன. முன்பெல்லாம் அகஸ்ரின் இறங்கும்போது "நேரத்தைப் பாத்துக்கொள்ளுங்கோ" என்றாவது சொல்வார். அன்று அதுவும் இல்லை. நாற்பது நிமிடப் பேச்சுக்கு ஆசைப்பட்டு, இருந்த இரண்டு சொல்லையும் தொலைத்துவிட்டேன் என்று அகஸ்ரின் நினைத்தார்.

எட்டு மீற்றர் ஆழத்தில் அவருக்கு ஜோடி இராஜரட்ணம். பச்சை இருட்டு. கீழே மட்டி, மட்டி, மட்டி. இங்கே எவருக்கும் கேட்காது என்பதால் அகஸ்ரின் சொல்லிப் பழகினார். போகாதேங்கோ. வாயிலிருந்த குழாயைச் சுற்றிக் குமிழிகள் கிளம்பின. கொஞ்சம் உறுதியாக, இன்னொருமுறை. போகாதேங்கோ. பெரிய குமிழிகள். மூன்றாம் தரம் கையையும் நெஞ்சில் வைத்துச் சொன்னார்.

இராஜரட்ணம் திரும்பிப் பார்த்தார். வாயெல்லாம் குமிழி, நெஞ்சில் கை. கியூபாவில் படித்தது அவ்வளவும் ஒரேயடியாக அவருக்கு ஞாபகம் வந்தது. அகஸ்ரினின் கழுத்துப் பட்டியைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டு போனார். கரைக்குக் கொண்டுபோய் மணலில் கிடத்தினார்.

"ஹார்ட் அற்றாக்!" என்று கத்தினார்.

"எனக்கொண்டும்..." என்று அகஸ்ரின் துவங்கினார்.

ஜெனாட் பெட்டியைத் திறந்து முகமூடியை எடுத்து அவர் வாயையும் மூக்கையும் மூடினார். "கதைக்கப்படாது."

அகஸ்ரின் முகமூடியைத் தூக்கினார். "ஜெனாட், நான்..."

ஜெனாட் அதைத் திரும்ப அமத்தினார். "கதைக்கப்படாதெண்டு சொன்னனான்! இருபது நிமிசம். நான் சொல்லுமட்டும் வாய் திறக்கக் கூடாது."

இருபது நிமிடம் ஜெனாட் அவர் தலைமாட்டில் மணலில் இருந்தார். ஒரு கை முகமூடியில், மற்றக் கை அவர் நாடியில். அந்தப் பிடி வரவர இறுகியது. கோபம் இவ்வளவா என்று அகஸ்ரின் கலங்கினார். மற்றப் பக்கத்தில் இராஜரட்ணம் மிச்சப் பாணைச் சாப்பிட்டார்.

"நாடி பறக்குது," என்றார் ஜெனாட். "இந்த வயசில என்ன கோதாரிக்கு உந்த விளையாட்டு?"

அகஸ்ரினிடம் பதில் இருந்தது. வாயில் முகமூடியும் இருந்தது. இருபது நிமிடம் முடிந்தபோது சண்முகலிங்கமும் கமலாம்பிகையும் தண்ணீரிலிருந்து எழும்பி வந்துவிட்டார்கள்.

கடைசிச் சனிக்கிழமைக்கு முதல் நாள் இராஜரட்ணத்திடம் நேரடியாகவே கேட்டுக்கொண்டார்.

"நாளைக்கு நீர் வர வேண்டாம்."

"நான் உங்கட உயிரைக் காப்பாத்தினனான் அண்ணை!"

"அதுக்குத்தான் ஓய்வு."

"அப்ப பாண்?"

"திங்கட்கிழமை கராஜுக்குக் கொண்டு வாறன்."

சனிக்கிழமை காற்று குளிர்ந்திருந்தது. மண்மலையின் உச்சியில் மரங்கள் மஞ்சளாகத் துவங்கியிருந்தன. அகஸ்ரின் எல்லாருக்கும் முந்தி வந்து கதிரைகளை விரித்தார். இடையில் ஓரடி விட்டார். பிறகு அரையடி ஆக்கினார். பிறகு பயந்து ஒன்றரையடி ஆக்கினார்.

சண்முகலிங்கம், றொய்சன், ஸ்டெபனி, கமலாம்பிகை, ஜெனாட், அவர். ஆறு. இரண்டு தரம் எண்ணினார். ஆறேதான். நெஞ்சு உண்மையாகவே அடித்துக்கொண்டது.

தரிப்பிடத்தில் ஒரு கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. இராஜரட்ணம் கையை ஆட்டியபடி இறங்கி வந்தார்.

"அண்ணை வர வேண்டாமெண்டுதான் சொன்னவர். தலைவர்தான் விடேல்ல. குறூப் போட்டோவாம், கட்டாயம் நிக்க வேணுமாம்."

"பின்னை?" என்றார் சண்முகலிங்கம். "ஏழு பேர்! எங்கட சரித்திரத்தில இப்பிடி ஒரு சீசன் வரேல்ல."

ஜெனாட் உடுப்பின் சிப்பைக் கழுத்து வரை இழுத்தார். இன்று தண்ணீர் முறை ஜெனாட்டுக்கு, ஜோடி கமலாம்பிகை. படம் எடுத்தார்கள். சண்முகலிங்கம் அங்கத்தவர் வளர்ச்சி பற்றிப் பேசினார். அகஸ்ரினுக்கு நன்றி சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள், ஜெனாட்டைத் தவிர.

பிறகு ஜோடி ஜோடியாக இறங்கினார்கள். ஜெனாட் இடுப்பளவு தண்ணீரில் நின்று கமலாம்பிகைக்காகக் காத்திருந்தார். அகஸ்ரின் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு அடி வைத்தால் தலையும் மறையும். அதற்குப் பிறகு கல்கரி.

கமலாம்பிகை கால் பெருவிரலைத் தண்ணீரில் வைத்தார். எடுத்தார்.

"எனக்கு ஏலாது."

"என்ன அக்கா ஏலாது? கடைசி நாள்," என்றார் சண்முகலிங்கம் தண்ணீரிலிருந்து.

"கடைசி நாளெண்டதுக்கு விறைச்சுச் சாக வேணுமோ? மாலைதீவில தண்ணி வெந்நீர் மாதிரி. இது குளிர்ப்பெட்டி. நான் இறங்கன்."

"அப்ப ஜெனாட்டுக்கு ஜோடி இல்லையே."

"அவவும் கரையில நிக்கட்டும்."

சண்முகலிங்கம் முணுமுணுத்தார். வாவிப் பாதுகாப்பு விரலை நனைத்துப் பார்க்கிறவர்களால் ஆகாது என்றார். றொய்சனோடு மறைந்தார். ஸ்டெபனியும் இராஜரட்ணமும் பின்னால் போனார்கள். நான்கு பேரின் குமிழிகளும் கரையை விட்டு விலகின.

ஜெனாட் தண்ணீர் சொட்டச் சொட்டக் கரைக்கு வந்தார்.

நாற்பது நிமிடம். அகஸ்ரின் கடிகாரத்தை அழுத்தினார். நிமிர்ந்தபோது அவருடைய கதிரையில் கமலாம்பிகை இருந்தார். மற்றதில் ஜெனாட். அகஸ்ரின் நின்றார். ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது.

"இண்டைக்குக் காத்து கொஞ்சம்..." என்றார் அகஸ்ரின்.

"ஓம்," என்றார் ஜெனாட், மணலைப் பார்த்து.

மூன்று நிமிடம். கமலாம்பிகை அவரைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். பெருமூச்சு விட்டு, கதிரையின் கைகளை ஊன்றி எழும்பினார்.

"ஜெனாட், எண்ணிக்கை இரட்டையா வந்தா இந்த மனுசன் வாயைத் திறந்து 'போகாதேங்கோ' எண்டு சொல்லும் எண்டுதானே என்னை மூண்டு கிழமையா உந்த ஐஸ் தண்ணிக்கு இழுத்தனீ, இப்ப இரட்டை வந்திட்டுது, கார்த் திறப்பைத் தா பிள்ளை, நான் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு உள்ளுக்க இருக்கிறன்."