புகை விட்டால்தான் மானியம்

அன்பு மச்சானுக்கு,

பாலத்தைத் திறந்து மறுவாரமே மூடினார்களே, எனக்கு மேல்வரிசைப் பல்லையெல்லாம் பிடுங்கினார்களே, அதெல்லாம் நடந்த இந்த வருடம்தான் பேட்டரி ஸ்கூட்டருக்கு மானியம் என்று ஊரெல்லாம் தட்டி வைத்தார்கள். எனக்கு எழுத்து வராது, மருமகள் எழுதுகிறாள். முழங்காலைத் தவிர இங்கு எல்லோரும் சுகம். உன் சுகத்தை விசாரிக்கச் சொல்லி உன் அக்கா உத்தரவு, விசாரித்துவிட்டேன்.

ஏழைக்கென்றே செய்த திட்டம், மாமா விட்டுவிடாதீர்கள் என்று நீதானே சொன்னாய்? மருமகள் விடுதித் துணிகளை மூட்டை கட்டித் தலையில் சுமந்து வந்து துவைக்கிறாள். அடுத்த மாதம் முதல் தினம் இரண்டு நடை கொண்டுவராவிட்டால் வேலை வேறு ஆளுக்கு என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அதனால் மானிய அலுவலகத்துக்குப் போனேன். மானியம் வேண்டுமென்றால் நான் ஏழை என்று சீட்டு வாங்க வேண்டுமாம். வாங்கினேன். மீதிக்குக் கடன் கேட்டால், ஏழைக்குக் கடன் இல்லையென்று அதே சீட்டைப் பார்த்து வங்கிக்காரன் சிரிக்கிறான். உன் அக்கா வளையலைக் கழற்றினாள். அப்புறம் பழைய பெட்ரோல் வண்டி ஒன்றை ஒப்படைக்க வேண்டுமாம். கொட்டகையில் கிடந்த ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே போய் அதிகாரி முன்னால் நிறுத்தினோம்.

"ஓடற வண்டியா இருக்கணும் பெரியவரே. புகை விடற வண்டிய ஒழிக்கத்தான் மானியம்."

"இது புகை விட்டு ஏழு வருஷம் ஆச்சு தம்பி."

"அப்ப இதால காத்துக்கு என்ன கெடுதல்? எடுத்துட்டுப் போங்க."

உடைப்பதற்காக ஒரு வண்டியைப் பழுது பார்த்த குடும்பம் உலகத்திலேயே நம்முடையதுதான். மெக்கானிக் மூன்று நாள் மல்லுக்கட்டினான். மறுபடி கொண்டுபோனபோது அது கக்கிய புகையில் அலுவலகமே இருமியது. அதிகாரிக்கு அவ்வளவு திருப்தி. கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டிப் புத்தகத்தைப் பிரித்தார். அதில் பெயருள்ள ஆள் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம், அதுவும் திங்கட்கிழமைக்குள். போதுமடா சாமி என்று வந்துவிட்டேன். இனி அந்தப் படியை மிதிக்கமாட்டேன். நீயும் மானியம், திட்டம் என்று வாயைத் திறந்துகொண்டு என் வீட்டுப் பக்கம் வராதே.

பிள்ளைகளுக்கு ஆசி. உன் மனைவியைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் அக்கா புருஷன்

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமையே புறப்பட்டு வா. படுக்கை போட்டு வைக்கிறேன். அந்த ஸ்கூட்டரை எனக்கு விற்ற கறிக்கடைக்காரர் போய்விட்டார். அவருக்கு விற்ற கொத்தனாரும் போய்விட்டார், கொத்தனாருக்கு விற்ற தபால்காரரும் போய்விட்டார். ஒருத்தரும் பெயர் மாற்றவில்லை. தபால்காரருக்கு விற்ற முதல் ஆள் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறான். அது நீதான் மச்சான்.