ஒரு சொட்டுகூட விழவில்லை, அண்ணா

அன்புள்ள அண்ணனுக்கு,

இல்லை, ஒழுகவில்லை. குளிர்காலம் பாதிக்கு மேல் போய்விட்டது. மழை இன்னும் விட்டபாடில்லை. மொட்டை மாடி அசரவில்லை. நீயும் அண்ணியும் குட்டிப்பயலும் நலம் என்று நம்புகிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம். கூரை எங்கள் இருவரையும்விட நலம். மரியாதை முடிந்தது. இனி வெற்றி.

நீ போனில் சொன்னது உனக்கு மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை. "இந்தக் குளிர்காலத்துல அம்மா ரூம்ல ஒரே ஒரு சொட்டு விழட்டும், அடுத்த வண்டியில அம்மாவ இங்க கூட்டிட்டு வந்துடுவேன். அப்புறம் நீ அந்த வீட்டக் கட்டிக்கிட்டு அழு." ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை என் கட்சியில் சேர்த்துக்கொண்டேன். பேசாதவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதை அவர்கள் சார்பில் எடுத்துச் சொல்ல எனக்குப் பல்கலைக்கழகத்தில் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள்.

மறுநாளே மாடி ஏறினேன். வெயில் இருக்கும்போதே முடிக்க வேண்டிய வேலை இது. குளிர் வந்தபின் பூசுவது எதுவும் ஒழுங்காகக் காயாது, ஒட்டவும் ஒட்டாது. முதலில் பெருக்கினேன், பிறகு வடிகால் துளைக்குள் கையை விட்டேன், முழங்கை வரை போனது, இலை வந்தது, சேறு வந்தது, ஒரு செருப்பின் வார் வந்தது, இன்னும் தோண்டினால் உன் சிவப்பு ரப்பர் பந்து வந்தது, நான் திருடிவிட்டேன் என்று நீ ஊரைக் கூட்டினாயே, அதே பந்து, ஆக இத்தனை வருடம் அம்மாவின் அறை ஒழுகியதற்குக் காரணம் வானம் இல்லை, நீ அடித்த பந்து. அதைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன். மன்னிப்பை எழுத்தில் எதிர்பார்க்கிறேன். துளைக்கு ஒரு கம்பி வலை போட்டாகிவிட்டது.

பிறகு விரிசல்கள். ஒரு விரிசலை அடைக்க வேண்டுமென்றால் முதலில் அதைக் கொத்திப் பெரிதாக்க வேண்டும், அப்போதுதான் கலவை உள்ளே போய்ப் பிடிக்கும். இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் பல்கலைக்கழகத்தில் நான் பாதியில் விட்ட ஆய்வுக்கட்டுரை வேறு மாதிரி வந்திருக்கும். உளியும் கையுமாக நான் மாடியைக் கொத்துவதைப் பார்த்து அம்மா பாதிப் படியில் நின்றுவிட்டாள்.

"ஏண்டி, இருக்கற வீட்ட இடிக்கவா மேல வந்த?"

"ரிப்பேர் பண்றேம்மா."

"பாத்தா அப்படித் தெரியலியே. அதுக்கு ஒரு ஆளக் கூப்பிடக் கூடாதா?"

கூப்பிட்டேன். கொத்தனார் வந்தார். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ஒரு டீ குடித்தார். "மேடம், கண்ண மூடிட்டுத் தார் அடிச்சு விட்டுடலாம். உங்க பேரன் காலத்துக்கும் ஒண்ணும் ஆகாது" என்றார். எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை என்றேன். "அதுக்குள்ள தார் காஞ்சிடும்" என்றார். அனுப்பிவிட்டேன்.

தரையும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலைகளில்தான் தண்ணீர் உள்ளே நுழைகிறது என்று படித்திருந்தேன். அங்கெல்லாம் கலவையைச் சரிவாக வைத்து வளைத்து இழுத்தேன். தண்ணீர் தேங்கும் பள்ளத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டு, நிரப்பி, தண்ணீர் ஓடும்படி வடிகால் பக்கம் வாட்டம் கொடுத்தேன். கடைசியாக நீர்க்காப்புப் பூச்சு. வெள்ளை. இரண்டு முறை, முதல் கை நெடுக்காக, இரண்டாம் கை குறுக்காக. அதில்தான் ஒரு சிறு தத்துவப் பிழை. படிக்கட்டு வாசலில் ஆரம்பித்தேன், பின்னாலேயே நகர்ந்தேன், வேலை அழகாக வந்தது, பார்த்துப் பார்த்து ரசித்துக்கொண்டே நகர்ந்ததில் முதுகு தண்ணீர்த் தொட்டியில் இடித்தது, நிமிர்ந்தால் எனக்கும் படிக்கட்டுக்கும் நடுவில் ஈரம் காயாத வெள்ளைப் பரப்பு, அதில் என் காலடி ஒன்றுகூட இல்லை. தொட்டியின் மேல் ஏறி உட்கார்ந்தேன்.

"சாப்பிட வரலியாடி?" என்று கீழேயிருந்து குரல்.

"வரேம்மா, காயட்டும்."

"சோறா?"

"தரை."

 பிறகு பக்கத்து வீட்டு ரிட்டயர்டு தபால்காரர் தன் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னம்மா, தியானமா?" என்றார். அம்மா எல்லோரிடமும் சொல்லிவிட்டிருந்தாள். அவர் கயிற்றில் கட்டி வீசிய வாழைப்பழங்களைத் தின்றுகொண்டு, பொழுது சாயும்வரை அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் நான் முழுதாக முடித்த முதல் காரியம். அவமானமாக இருக்கவில்லை.

நன்றாகக் காய்ந்தபின் சோதனை. வடிகாலைத் துணியால் அடைத்து, மாடி முழுக்கத் தண்ணீர் நிறுத்தி, அம்மாவின் அறையில் கூரையைப் பார்த்தபடி மல்லாந்து படுத்தேன். அம்மாவும் பக்கத்தில் படுத்தாள்.

"ஒழுகுதா?"

"இல்லம்மா."

"நல்லாப் பாரு. அந்த ஓரத்துல?"

"அங்கயும் இல்ல."

"ம்" என்றாள். திரும்பிப் படுத்துக்கொண்டாள். நிம்மதி என்று எடுத்துக்கொண்டேன். துணியை எடுத்துத் தண்ணீரை வடியவிட்டேன்.

மழை வந்தது. ஊரில் பாதி வீடு ஒழுகியது. தபால்காரர் வீட்டில் குடையோடு டி.வி. பார்க்கிறார்கள். நம் வீட்டில் இல்லை. அம்மா மட்டும் ஒவ்வொரு மழைக்கும் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு வாளியை வைத்தாள். காலையில் காய்ந்த வாளியை நான் எடுத்து வைப்பேன், மாலையில் அவள் திரும்ப வைப்பாள். "உங்க அண்ணன் வீட்டுல லிஃப்ட் இருக்குல்ல?" என்று ஒருநாள் கேட்டாள். "இருக்கட்டும்மா, நமக்குத்தான் ஏறறதுக்கு நல்ல மாடி இருக்கே" என்றேன்.

ஒரு விஷயத்தை மறைக்க விரும்பவில்லை. போன வாரம் அம்மாவின் கட்டிலுக்கு நேர் மேலே, கூரையில் ஓர் ஈரத்திட்டு. தட்டு அளவு.  கொட்டும் மழையில் மாடிக்கு ஓடி ஒவ்வொரு அங்குலமாகத் தடவிப் பார்த்தேன், பூச்சில் ஒரு கீறல் கிடையாது. கீழே வந்தால் திட்டு காய்ந்திருக்கிறது. மறுநாள் மழையே இல்லை, மறுபடி திட்டு. மழையில்லாத நாளில் ஒழுகும் கூரை எங்காவது உண்டா? யோசித்தேன். மேஜைமேல் ஏறி, அந்த இடத்தில் ஒரு பாலிதீன் தாளை வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டினேன். தாளுக்கும் கூரைக்கும் நடுவே தண்ணீர் சேர்ந்தால் அது மேலிருந்து வருகிறது. தாளின் கீழ்ப்பக்கம் நனைந்தால் அறைக்குள்ளிருந்து வருகிறது.

காலையில் பார்த்தேன். நனைந்திருந்தது கீழ்ப்பக்கம்!

ஆக, ஒழுகல் இல்லை. குளிர்காலத்தில் சாத்திய அறையில் மூச்சுக்காற்றின் ஈரம் குளிர்ந்த கூரையில் பட்டு நீராகிறது. அறிவியல். அன்றிலிருந்து அம்மாவின் ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டேன். இரண்டு ஸ்வெட்டரும் குல்லாவும் போட்டுக்கொண்டு, "இனிமே மூச்சு விடறதையும் நிறுத்திடணுமாடி?" என்று கேட்கிறாள். குறைத்தால் போதும் என்றிருக்கிறேன்.

எனவே, பந்தயம் எனக்கு. அம்மா இங்கேயே இருப்பாள். உன் தங்கை கூரையைப் பூசிக் காத்தாள் என்று அண்ணியிடம் சொல். அவளுக்கு என் அன்பு, குட்டிப்பயலுக்கு ஒரு முத்தம். உங்கள் வீட்டுக் குழாய்களும் கண்களும் காரணமில்லாமல் ஒழுகாதிருக்கட்டும்.

இப்படிக்கு, நனையாமல் இருக்கும்
உன் தங்கை

பி.கு.: கடிதத்தை மடித்து, தபால்தலை கேட்கலாம் என்று அம்மாவின் அறைக்குப் போனேன். அம்மா கட்டிலின் மேல் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒட்டடைக் கம்பு. அதன் முனையில் சுற்றிய ஈரத்துணியைக் கூரையில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

ஓடிப்போய்க் கட்டிலைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா, கீழ எறங்கு. விழுந்துடப் போற."

இறங்கினாள். துணியைப் பிழிந்தாள். அப்புறம்தான் சொன்னாள். "நானும் எவ்ளோ நாள்தான் காத்துக்கிட்டு இருக்கறது? உன் மாடி ஒழுகவே மாட்டேங்குதேடி."

அண்ணா, என் வேலையை இதைவிட நன்றாக யாரும் பாராட்டிவிட முடியாது.

"அங்க போகணும்னா வாயத் தெறந்து சொல்லவேண்டியதுதானம்மா?"

"எப்படிச் சொல்றது? தொட்டி மேல ஒக்காந்து வாழப்பழம் தின்னுக்கிட்டு இருக்கற பொண்ணுகிட்ட, உன்ன விட்டுட்டுப் போறேன்னு எப்படிச் சொல்றது? வீடு ஒழுகினா நீயே போகச் சொல்லுவ. குட்டிப்பய நடக்க ஆரம்பிச்சுட்டானாம். போன்ல பாத்தா கையக் கோத்து நடக்க முடியுமா?"

மேலே எழுதிய முடிவை அடித்துவிட்டுப் படி. மற்றதெல்லாம் அப்படியே நிற்கும். கூரையில் குற்றமில்லை, இதை மட்டும் குறித்துக்கொள். தண்ணீர் அறைக்குள்ளிருந்துதான் வந்தது என்பதையும் நான் சரியாகவே கண்டுபிடித்திருந்தேன். ஆளைத்தான் கண்டுபிடிக்கவில்லை.

அம்மாவின் ஜன்னலைச் சாத்தினேன். பிறகு ஸ்டேஷனுக்குப் போய், வெள்ளிக்கிழமை வண்டிக்கு அவளுக்கு ஒரு டிக்கெட் எடுத்து வந்தேன்.