காலை எட்டு மணிக்கே தீர்ந்துபோன சொதி

நடந்தது இதுதான்:

1. ஞாயிற்றுக்கிழமை மதியம் நடக்கவிருந்த ஒரு விருந்தைப் பற்றி, அது நடந்து முடிந்துவிட்டதாகச் சனிக்கிழமையே எழுதி வைத்தேன்.
2. அந்தப் பதிவு ஞாயிறு இரவு எட்டு மணிக்கு என் வலைப்பூவில் தானாக வெளியாகும்படி ஏற்பாடு செய்தேன்.
3. அது ஞாயிறு காலை எட்டு மணிக்கு வெளியானது.
4. பதிவின் தலைப்பு: 'சொதி தீர்ந்துவிட்டது!'
5. சொதி தீரவில்லை. அப்போதுதான் அடுப்பில் ஏறிக்கொண்டிருந்தது.

என் தரப்பு நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். மும்பை விக்ரோலியில் ஓர் அலுவலகத்தில் எனக்கு வேலை. மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் பிழை கண்டுபிடித்து, அவர்கள் முகம் வாடும்படி அதை வரிசை எண் போட்டு அனுப்புவதுதான் அந்த வேலை. (நன்றாகவே செய்வேன்.) மீதி நேரத்தில் வலைப்பூ எழுதுகிறேன். எதைப் பற்றி என்றால், நேரத்தை நிர்வகிப்பது பற்றி. சிரிக்க வேண்டாம். வேலைக்குப் போகும் பெண்கள் அதைப் படித்து உருப்பட்டிருக்கிறார்கள்; அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

என் முறை எளிமையானது. எதையும் அது நடக்கும் நேரத்தில் எழுதக் கூடாது. முன்பே எழுதி, வெளியாகும் நேரத்தைக் குறித்துவிட்டு மறந்துவிட வேண்டும். தீபாவளி எப்படிப் போனது என்பதைத் தீபாவளிக்கு முந்தைய வாரமே எழுதிவிடுவேன். நான் எழுதியதற்கு மாறாக எந்தத் தீபாவளியும் நடந்ததில்லை.

இப்போது செல்வி சித்திக்கு வருவோம். அம்மாவின் தங்கை, தாராவியில் இருக்கிறாள். குர்லாவில் ஓர் அலுவலக கேன்டீனில் பல வருடங்களாக அடுத்தவர் எழுதிக் கொடுத்த மெனுவைச் சமைத்துக்கொண்டிருந்தவள், ஒருநாள் கரண்டியை வைத்துவிட்டு வந்துவிட்டாள். "இனிமே எனக்குப் புடிச்சதைத்தான் ஆக்குவேன்" என்றாள். அவளுக்குப் பிடித்தது சொதி. திருநெல்வேலிப் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தில் போடுவார்கள். பாசிப்பருப்பும் காய்கறியும் தேங்காய்ப்பாலில் வெந்த வெள்ளைக் குழம்பு, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல். இதை வைத்து ஞாயிறு மட்டும் மதியச் சாப்பாடு என்பது அவள் திட்டம்.

இடம், செம்பூரில் ஒரு டியூஷன் வகுப்பின் கீழ்த்தளம். ஞாயிற்றுக்கிழமை மேல்மாடியில் பரீட்சை நடக்கும். கீழே பெஞ்சுகள் சும்மா கிடக்கும். டியூஷன் நடத்தும் சார் ஒரு நிபந்தனை வைத்தார். முதல் ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு வந்து கூட்டத்தைப் பார்ப்பார். கூட்டம் இருந்தால் ஞாயிறுதோறும் இடம் சித்திக்கு. இல்லாவிட்டால், ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருக்கும் ஓர் ஓவிய வகுப்புக்கு.

"கூட்டம் என் பொறுப்பு" என்றேன் சித்தியிடம். (இந்த வாக்கியத்தை எங்கள் வீட்டில் இப்போது என் குரலிலேயே சொல்லிக் காட்டுகிறார்கள்.)

புதன்கிழமை அழைப்புப் பதிவு வெளியிட்டேன். ஐம்பது பேருக்குக் குறையாமல் வருகிறோம் என்றார்கள். உற்சாகத்தில் சனிக்கிழமையே விருந்துக்குப் பிந்தைய பதிவையும் எழுதினேன். அடுத்த வாரத்துக்கு ஆசை காட்ட வேண்டுமல்லவா? "இரண்டு மணிக்கெல்லாம் அண்டா காலி. தாமதமாக வந்தவர்கள் வாசனையை மட்டும் முகர்ந்துவிட்டுத் திரும்பினார்கள்" என்றெல்லாம் வர்ணித்தேன். நேரத்தில் எட்டு என்று தட்டினேன். அது காலை எட்டா இரவு எட்டா என்று பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததைப் பார்க்கவில்லை. இதே பிழையை அலுவலகத்தில் வேறொருவர் செய்திருந்தால் மூன்று பக்கம் எழுதியிருப்பேன்.

ஞாயிறு காலை என் விதிப்படி கைபேசியை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டுத் தேங்காய் துருவப் போனேன்.

பன்னிரண்டு மணிக்கு எல்லாம் தயார். கரும்பலகையில் முந்தைய நாளின் இயற்கணிதத்தை அழித்துவிட்டு 'சொதிச் சாப்பாடு' என்று எழுதினேன். பெஞ்சுகளில் இலை போட்டாயிற்று. பன்னிரண்டேகால் ஆயிற்று. இலைகள் மின்விசிறிக் காற்றில் பறக்க ஆரம்பித்தன. சித்தப்பா ஒவ்வொன்றின் மேலும் ஒரு தண்ணீர் டம்ளரை வைத்தார்.

"டிரெயின் லேட்டா இருக்கும்" என்றார்.

"எல்லா டிரெயினுமா?" என்றாள் சித்தி.

பன்னிரண்டரைக்கு முதல் ஆள் வந்தார், லலிதா மாமி. இவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அணுசக்தி நகரில் இருப்பவர். வாட்ஸ்அப் குழு ஒன்றின் ராணி. அந்தக் குழுவில் உள்ள இளைஞர்கள் தமிழ் பேசுவார்கள், படிக்க வராது. அதனால் என் ஒவ்வொரு பதிவையும் மாமி வாசித்துக் குரல் பதிவாகப் போடுவார். என் வாசகர்களில் பெரும்பாலோர் என்னை வாசித்ததே இல்லை; மாமியைக் கேட்டவர்கள்.

மாமியின் கையில் பேடா டப்பா. நேராகப் போய்ச் சித்தியின் கையைப் பிடித்தார்.

"கங்க்ராட்ஸ் செல்வி! கோயிலுக்கு வந்தேன், உன்னைப் பாத்துட்டுப் போலாம்னு தோணித்து. ரெண்டு மணிக்கே எல்லாம் தீந்துடுத்தாமே!"

சித்தப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மாமியைப் பார்த்தார். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

"மாமி, இன்னும் ஒரு மணியே ஆகலையே" என்றார்.

"அதை நான் எங்கே பாத்தேன்? இவ எழுதியிருந்தா, வாசிச்சேன். தீந்துடுத்து, யாரும் வீணா அலையாதீங்கோன்னு நானும் ஒரு வார்த்தை சேத்துச் சொன்னேன். டைம் மேனேஜ்மென்ட்டே எழுதறவளாச்சே, நேரத்துலயா தப்பு விடுவா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கைபேசியை எடுத்து உயிர்ப்பித்தேன். அறுபத்து மூன்று அனுதாபச் செய்திகள். 'அடுத்த வாரம் எங்களுக்கு எடுத்து வையுங்கள்' என்று ஒருவர். 'வாசனையாவது கிடைத்திருக்கலாம்' என்று இன்னொருவர்.

"ஏட்டி" என்றாள் சித்தி, மிக மெதுவாக. அவள் கத்தினால் பயமில்லை. மெதுவாகப் பேசினால்தான் பயம். "இன்னும் ஒருத்தன் கை நனைக்கல. அதுக்குள்ள தீந்துட்டுன்னு எழுதி வச்சிருக்க. எங்கட்டி தீந்துச்சு? அண்டா நெறயக் கெடக்கு. தேங்காப்பாலு, சாயங்காலம் வரைக்கும் தாங்குமா? ரெண்டு மணிக்கு அந்த ஆளு வந்தா நான் என்னத்தக் காட்ட? இலையையா?"

நான் பதறவில்லை. (கைபேசியைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன், அது வேறு.) நெருக்கடியில் வரிசைப்படி செயல்பட வேண்டும் என்று நானே எழுதியிருக்கிறேன். முதல் வேலையாக, பதிவை நீக்கினேன். இணைப்பைத் தட்டியவர்களுக்கு இப்போது 'பக்கம் இல்லை' என்று வந்தது. 'மெஸ்ஸையே மூடிவிட்டார்களாம்' என்ற செய்தி பரவ ஆரம்பித்தது.

இரண்டாவது வேலையாக, மாமியை விட்டு மறுப்புக் குரல் பதிவு போடச் சொன்னேன். மாமி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "எல்லாரும் கேளுங்கோ. சொதி தீரலையாம். யாருமே சாப்பிடலை. அண்டா அண்டாவா மிஞ்சிக் கெடக்கு. ஒடனே வாங்கோ, சாயங்காலத்துக்குள்ள கெட்டுடுமாம்!" நான் தடுப்பதற்குள் அனுப்பிவிட்டார்.

பதில்கள் வந்தன. 'ஏன் யாரும் சாப்பிடலை? நல்லா இல்லையா?'

"மூணாவது வேலை என்னட்டி? கடைக்கு நெருப்பு வைக்கியா?" என்றாள் சித்தி.

அந்த நேரத்தில் மாடியில் மணி அடித்தது. பரீட்சை முடிந்து, படிக்கட்டில் திமுதிமுவென்று பிள்ளைகள் இறங்கினார்கள். தமிழ்ப் பிள்ளை ஒன்றுகூட இல்லை. மராத்தி, குஜராத்தி, சிந்தி வீட்டுப் பிள்ளைகள். நான் அவர்களைக் கூட்டமாகவே எண்ணவில்லை. அவர்கள் என் வாசகர்கள் அல்லவே.

சித்தி எண்ணினாள். கரண்டியோடு போய்ப் படிக்கட்டின் கீழே வழியை மறித்து நின்றாள்.

"ஆவ் பேட்டா, கானா காவ்! ஆஜ் பெஹ்லா தின் ஹை, ஆதா பைசா!"

முதல் நாள், பாதி விலை. பரீட்சை எழுதிக் களைத்த வயிறுகளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஐந்தே நிமிடத்தில் பெஞ்சுகள் நிறைந்தன. கண்ணாடி போட்ட ஒரு பெண் குழம்பை முகர்ந்து பார்த்தாள்.

"ஆன்ட்டி, யே க்யா ஹை? ஒயிட் சாம்பார்?"

சித்தியின் முகத்தில் ஒரு தலைமுறையின் அவமானம் ஏறியது. "சாம்பாராம்லா! ஏ பிள்ள, யே சொதி ஹை. சொ-தி."

"ஓகே ஆன்ட்டி. தோடா அவுர் ஒயிட் சாம்பார் தேனா." இன்னும் கொஞ்சம் வேண்டுமாம்.

நான் சோறு போட்டேன். சித்தப்பா வறுவலோடு ஓடினார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மாமி இஞ்சிப் பச்சடி வைத்தார். வைக்கும்போதே ஒவ்வொரு இலைக்கும் அதன் செய்முறையையும் சொன்னார்.

சரியாக இரண்டு மணிக்கு சார் வந்தார். வாசலில் நின்று பார்த்தார். உட்கார இடமில்லை, சன்னலோரம் நின்றுகூடச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சித்தி கரண்டியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"யே தோ மேரே ஹீ பச்சே ஹை!" என்றார் சார். இதெல்லாம் என் பிள்ளைகள்தானே!

பதில் சொல்ல நான் வாயைத் திறந்தேன். சித்தி என் காலை மிதித்தாள்.

சார் பதிலை எதிர்பார்க்கவில்லை. அவர் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு சித்தி நீட்டிய இலையை வாங்கி, மேசையோரம் நின்றபடியே சாப்பிட்டார். இரண்டாவது முறை கேட்டு வாங்கினார். கை கழுவிவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார். பரீட்சை முடிந்து சாப்பிடப் போகும் பிள்ளைகளில் பாதிப் பேர் மூன்று மணி வகுப்புக்குத் திரும்புவதில்லையாம். இன்று ஒருவர்கூட வெளியே போகவில்லை. "அடுத்த ஞாயிறும் போடுங்கள். ஓவியக்காரரிடம் நான் பேசிக்கொள்கிறேன்" என்றார் இந்தியில்.

சித்தி கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அடுப்பு அனல் என்றாள். அடுப்பை அணைத்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

இரண்டரை மணிக்கு அணுசக்தி நகரிலிருந்து ஒரு கூட்டமே டிபன் கேரியரோடு வந்திறங்கியது. காலி அண்டாவைச் சாய்த்துக் காட்டினோம். அவர்கள் நம்பவில்லை. கைபேசியை நீட்டி மாமியின் குரலை மாமிக்கே போட்டுக் காட்டினார்கள். மாமி அசரவில்லை. "அது அப்போ" என்றார்.

அதன் பிறகு வீட்டில் என் பேச்சுக்கு மதிப்பில்லை. கரண்ட் பில் கட்டியாயிற்று என்றால், "கட்டிட்டியா, கட்டப் போறியா?" என்கிறார் அப்பா. குளித்துவிட்டேன் என்று சொன்னால்கூட அம்மா கேட்பது ஒன்றுதான்: "பிளாக்லயா, பாத்ரூம்லயா?"

இப்போதைய நிலவரம்: சித்தியின் மெஸ் ஞாயிறுதோறும் நடக்கிறது. பாதிக் கூட்டம் பரீட்சைப் பிள்ளைகள், மீதி நம்மவர்கள். பிள்ளைகள் இன்னும் ஒயிட் சாம்பார் என்றுதான் சொல்கிறார்கள். சித்தி இன்னும் திருத்துகிறாள். ஞாயிறு மதியம் நான் அங்கே சோறு பரிமாறுகிறேன். அதனால் வலைப்பூவில் பதிவுகள் குறைந்துவிட்டன. வருபவை எல்லாம் நடந்து முடிந்தவை.