கசியாத துப்பாக்கி

மனிதர்களில் பம்ப் துப்பாக்கிக்காரர் என்று ஒரு ரகம் உண்டு. நெய்வேலி டவுன்ஷிப்பில் பிளாக்குக்கு ஒருத்தராவது இருப்பார். கண்டுபிடிப்பது சுலபம். வலது கை இடது கையைவிடப் பருத்திருக்கும். சட்டையில் தையல் மிஷின் எண்ணெய் வாசனை அடிக்கும். "சைக்கிளுக்குக் காற்றடிக்க வேண்டும்" என்று நீங்கள் பேச்சுவாக்கில் சொன்னால் போதும், கண்கள் மின்ன நாற்காலியை உங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்வார். அதற்கப்புறம் நீங்கள் ஷிப்டுக்குப் போன மாதிரிதான்.

எங்கள் பிளாக்கில் அந்தப் பதவியை வகித்தவர் குஞ்சிதபாதம். சுரங்கத்துக்கு அடியிலே ஊறுகிற தண்ணீரை இராப்பகலாக இறைத்துத் தள்ளுகிற பிரிவில் ஃபோர்மேன். எட்டு மணி நேரம் அங்கே பம்ப்; மிச்ச நேரமெல்லாம் வீட்டில் பம்ப். வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குக் கிளம்பியபோது கட்டில், ஃபேன், நாய்க்குட்டி எல்லாவற்றையும் விற்றார். மற்றவர்கள் ஃபேனுக்கு முட்டி மோதிக்கொண்டிருக்க, இவர் மூலையில் சாத்தியிருந்த பழைய ஏர்கன்னைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அந்தக் கோடை முழுவதும் அவர் மனைவி விருத்தாம்பாள் பனை விசிறியும் கையுமாக இருந்தாள்.

துப்பாக்கி எப்படியென்றால், குழலுக்கு அடியில் ஒரு மரப்பிடி. அதைத் திறந்து மூடினால் ஒரு பம்ப். ஒவ்வொரு பம்புக்கும் உள்ளே காற்று ஏறும். எத்தனை பம்போ அத்தனை வேகம். தகர டப்பாவுக்கு மூன்று, ஓணானுக்கு ஐந்து, எதிரிக்கு எட்டு என்பது குஞ்சிதபாதத்தின் கணக்கு. நெய்வேலியில் அவருக்கு எதிரி யார் என்று கேட்காதீர்கள். எட்டு பம்ப் அடிக்கத் தெரிந்தவனுக்கு எதிரி தானாக வருவான் என்று அவர் நம்பினார்.

நான் ஒன்றும் பொறாமையில் பேசவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடமும் கொடுத்தார், சுட்டேன். தோளை இடிக்கவில்லை. புகை இல்லை, கரி இல்லை. மெத்தென்று ஒரு சத்தம், வேலி மேலிருந்த தகர டப்பா குட்டிக்கரணம் அடித்தது. அடடா, நம் கையால் அடைத்த காற்று நமக்காகப் போய் அடித்துவிட்டு வருகிறதே என்று உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. எனக்கும் ஒன்று வாங்க ஆசை வந்தது உண்மை. அந்த ஆசை கை வலி விடுவதற்குள் போய்விட்டது என்பதும் உண்மை.

ஏனென்றால் இந்தத் துப்பாக்கிக்கு ஒரே ஒரு குறை: எதிரி காத்திருக்க வேண்டும். கொய்யா மரத்தில் அணில் வந்து உட்காரும். இவர் துப்பாக்கியை எடுத்து, மூக்குக்கண்ணாடியைத் தேடி, ஈயக் குண்டை நாக்கில் ஈரப்படுத்தி உள்ளே போட்டு, முட்டிக்காலில் வைத்து 'டக் டக்' என்று பம்ப் அடிக்கத் தொடங்குவார். முதல் பம்புக்கு அணில் திரும்பிப் பார்க்கும். மூன்றாவது பம்புக்குள் கொய்யாவைத் தின்று முடிக்கும். ஐந்தாவதில் வாயைத் துடைத்துக்கொண்டு மரத்தை விட்டு இறங்கும். மூச்சு வாங்க இவர் குறி பார்க்கும்போது கிளை மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். குண்டு போட்ட துப்பாக்கியில் அடித்த காற்றை விட்டுவைக்கவும் கூடாதாம். ஆகவே கிளையைச் சுடுவார். அந்தக் கிளை நான் பார்க்கவே இரண்டு முறை செத்தது.

இதெல்லாம் கிடக்கட்டும். இந்த ரகத்தின் அசல் அடையாளம் வேறு. பம்ப் துப்பாக்கியின் வயிற்றில் தோல் வாஷர் ஒன்று இருக்கிறது. அது காயும், சுருங்கும், காற்றைக் கசிய விடும். கசியாத பம்ப் துப்பாக்கி உலகத்திலேயே கிடையாது. ஆனால் எந்தப் பம்ப் துப்பாக்கிக்காரரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். மற்றவர்களுடையது கசியும், வாஸ்தவம். அவருடையது மட்டும் கசியாது. "நேற்று அடித்த காற்று, இன்றைக்கும் அப்படியே இருக்கிறது" என்பார் குஞ்சிதபாதம், அரிசிப் பானையைத் தட்டிப் பார்க்கிற மாதிரி துப்பாக்கியின் வயிற்றைத் தட்டி. பக்கத்து பிளாக்கிலிருந்து வந்த ஒருத்தர் ஏதோ 'உஸ்' என்கிறதே என்று கேட்டதற்கு, அவரோடு பேச்சுவார்த்தையே நின்றுபோயிற்று.

இப்படியிருக்கையில் அவர் மகள் தனத்தைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை கொளஞ்சிநாதன், சுரங்கத்து ஒர்க்‌ஷாப்பில் பர்மனென்ட். அப்பா வைத்திலிங்கம், சேத்தியாத்தோப்பில் நெல் வயல் உள்ளவர். பருத்த உடம்பு, கூச்ச சுபாவம். பையனைத் தனம் ஏற்கெனவே பஸ் ஸ்டாண்டில் இரண்டொரு தடவை பார்த்திருக்கிறாள், பிடித்தும் போயிருக்கிறது என்பதை விருத்தாம்பாள் என் மனைவியிடம் சொல்லி, யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் பிளாக் முழுவதும் அறிந்திருந்தது. முன்னால் வந்த இரண்டு வரன்கள் தட்டிப்போயிருந்தன. இதுவும் போய்விடுமோ என்று அந்தப் பெண் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

அப்பாவுக்கும் கவலைதான். பேச்சு எப்படியும் துப்பாக்கிக்கு வரும் (வராவிட்டால் அவர் கொண்டுவருவார்), வந்த சம்பந்தியைப் பம்ப் அடித்து முடிக்கும்வரை காக்க வைப்பது மரியாதையா? அதனால் காலையிலேயே குண்டு போடாமல் வெறும் காற்றை மட்டும் அடைத்து, கூட இரண்டு பம்பும் சேர்த்து அடித்து, கூடத்துச் சுவரில் இரண்டு ஆணிகளுக்கு மேல் மாட்டிவிட்டார். அதற்கு நேர் கீழே நாற்காலி. நாற்காலி என்னுடையது, இரவல் கொடுத்தவன் என்ற முறையில் நானும் பாயில் உட்கார்ந்திருந்தேன். நாற்காலியில் வைத்திலிங்கத்தை உட்கார வைத்தார்கள்.

மழை, விளைச்சல், ஷிப்டு என்று பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில் எல்லோரும் ஒரு கணம் மௌனமானோம். அப்போது கேட்டது. 'ப்ஸ்ஸ்ஸ்.'

நீளமாக, மெல்லியதாக, அவசரமில்லாமல். சத்தம் வந்த திசையில் வைத்திலிங்கம் இருந்தார். நான் கூரையைப் பார்த்தேன். மாப்பிள்ளை தன் கால் விரலைப் பார்த்தான். வைத்திலிங்கத்தின் மனைவி கணவனைப் பார்த்த பார்வையில் முப்பது வருஷக் குடித்தனம் தெரிந்தது. சத்தம் நின்றது. 'அப்பாடா' என்று மூச்சு விடுவதற்குள் மறுபடியும், முன்னைவிடக் கம்பீரமாக.

பாவம், அந்த மனிதருக்கே தன் மேல் சந்தேகம் வந்துவிட்டது. நாற்காலியில் ஒரு பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார். முகம் சிவந்து, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "நேத்து மொச்சக்கொட்ட கொழம்புங்க. வயசாவுதுல்ல, மன்னிச்சிக்கணும்" என்றார்.

குஞ்சிதபாதத்துக்கு விஷயம் முதல் 'ப்ஸ்'ஸிலேயே தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆனால் என்ன வார்த்தை? 'என் துப்பாக்கி கசிகிறது' என்றா? அவர் துப்பாக்கியை ஒரு தரம் பார்த்தார், சம்பந்தியை ஒரு தரம் பார்த்தார். பிறகு பெரிய மனதோடு கையை உயர்த்திச் சொன்னார்:

"அதனால என்னங்க. வூட்டுக்கு வூடு உள்ளதுதான்."

மன்னித்துவிட்டார். நான் எத்தனையோ கயவர்களைப் பார்த்திருக்கிறேன், இவ்வளவு பெருந்தன்மையான கயவரைப் பார்த்ததில்லை. வைத்திலிங்கம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று மனைவியிடம் முணுமுணுத்தார். எழுந்து போனால் திரும்பி வரமாட்டார் என்பது யாருக்கும் தெரியும். மானம் போன வாசலை எவன் மறுபடி மிதிப்பான்?

சமையலறை வாசலில் பஜ்ஜித் தட்டோடு நின்ற தனத்துக்கும் அது தெரிந்தது. அழைக்காமல் வரக் கூடாது, நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்று சொல்லித்தான் நிறுத்திவைத்திருந்தார்கள். அவள் வந்தாள். தட்டைப் பாயில் வைத்தாள். பட்டுப் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, வைத்திலிங்கத்தின் தலைக்கு மேல் கையை நீட்டி, இரண்டு ஆணியிலிருந்தும் துப்பாக்கியை எடுத்தாள். நாற்காலிக்குப் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த 'ப்ஸ்ஸ்' என் காதருகே வந்தது, மாப்பிள்ளையைத் தாண்டியது, வாசற்படி இறங்கியது, தெருவில் வேலியோரம் போய் நின்றது. எல்லோரும் தலையைத் திருப்பித் திருப்பி அந்தச் சத்தத்தை வழியனுப்பினோம். கூடம் அமைதியாயிற்று.

திரும்பி வந்து, தட்டை எடுத்து வைத்திலிங்கத்தின் முன் நீட்டினாள். "எடுத்துக்குங்க மாமா. நீங்க ஒண்ணும் பண்ணலீங்க."

அந்த மனிதரின் கழுத்து மெதுவாக நிமிர்ந்ததை நான் பார்த்தேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிப்பை அடக்கியதால் மட்டும் அல்ல. எல்லோரும் குஞ்சிதபாதத்தைப் பார்த்தார்கள். இப்போதாவது ஏதாவது சொல்ல வேண்டுமே? சொன்னார்.

"அது வாஷர் இல்ல. வால்வு."

வைத்திலிங்கம் நிதானமாக ஒரு பஜ்ஜியைத் தின்று முடித்தார். இன்னொன்றையும் எடுத்துக்கொண்டார். பிறகுதான் வாயைத் திறந்தார்.

"பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்குதுங்க. சம்பந்திய பத்திதான் ரோசன பண்ணிக்கினு சொல்றோம்."

யோசனை பண்ணி, ஆவணியில் கல்யாணத்தை நடத்திக்கொண்டார்கள். சம்பந்தி வரலாம், சம்பந்தியின் துப்பாக்கி வரக் கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை. பந்தலில் குஞ்சிதபாதம் வெறுங்கையோடு, பெண்ணுக்குப் பதிலாகத் தன்னைத்தான் வேறு வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டியதுதான், உங்களிடம் துப்பாக்கியா இருக்கிறது? ரேடியோதான் இருக்கிறது. நீங்களே தேடிப் பொறுக்கி வாங்கிய ரேடியோ. போன வாரம் வந்த விருந்தாளி அதன் கரகரப்பில் ஒரு வார்த்தையும் விளங்காமல், "என் காதுதான் சரியில்லை போலிருக்கு" என்று சொன்னபோது, "பரவாயில்லைங்க, வயசானா அப்படித்தான்" என்று ஆறுதல் சொன்னது யார்? நினைவில்லையா? பாதகமில்லை. வீட்டில் வளர்ந்த பெண் இருந்தால் கூப்பிட்டுக் கேளுங்கள். இவ்வளவு நாள் யாரும் கேட்காததால்தான் அவள் சும்மா இருக்கிறாள்.